சோழியில் கிரகணம்: குறுக்குவழிக் கணக்கின் கதை



வீட்டில் ஒரு குழந்தை பிறந்தால், ஆணா பெண்ணா என்று கேட்டதற்கு அடுத்தபடியாக நம் பெரியவர்கள் கேட்பது, "என்ன நட்சத்திரம்?" என்பதுதான். பிறந்த நாளையும் நேரத்தையும் கோயில் ஐயரிடம் சொல்கிறோம். அவர் பஞ்சாங்கத்தைப் புரட்டுகிறார். "ரோகிணி" என்கிறார், அல்லது "மகம்" என்கிறார். ஒரு நிமிடத்தில் காரியம் முடிந்துவிடுகிறது.

அந்த ஒரு நிமிடத்தை நமக்கு மிச்சப்படுத்திக் கொடுத்தவர்கள் யார்? எப்படி மிச்சப்படுத்தினார்கள்? அதற்கு என்ன விலை கொடுத்தார்கள்? இன்றைய பேச்சில் இந்த மூன்று கேள்விகளையும் பார்ப்போம். இது சோதிடம் பற்றிய பேச்சன்று. கணக்கு பற்றிய பேச்சு. கணக்கைச் சுருக்கும் கலைக்கும் நம் வீட்டுச் சம்பளக் கணக்குக்கும் நெருங்கிய உறவு உண்டு. அந்த உறவைக் கடைசியில் எடுத்துக் காட்டுகிறேன்.

முதலில் எளிய உதாரணம் ஒன்று. காரிநாயனார் செய்த 'கணக்கதிகாரம்' என்னும் பழைய தமிழ்க் கணக்கு நூலைப் பற்றிக் கேள்விப்பட்டிருப்பீர்கள். அதில் ஒரு புதிர் வருகிறது. பலாப்பழத்தை அறுக்காமலே அதில் எத்தனை சுளை இருக்கிறது என்று சொல்ல வேண்டும். நூல் கூறும் வழி இது: காம்பைச் சுற்றியுள்ள சிறு முட்களை எண்ணுக, அதை ஆறால் பெருக்கி ஐந்தால் வகுக்க. முள் நூறு என்றால் சுளை நூற்றிருபது. பழத்தை முழுதாக வாங்கிச் சுளையாக விற்கும் வியாபாரிக்கு இது எவ்வளவு பெரிய உதவி! கத்தி வேண்டாம், எண்ணெய் வேண்டாம், பழமும் கெடாது.

இது எப்போதும் சரியாக வருமா என்று நீங்கள் கேட்கலாம். நல்ல கேள்வி. அதை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். நான் விடை சொல்லப் போவதில்லை. அடுத்த முறை பலாப்பழம் வாங்கும்போது பிள்ளைகளை எண்ணச் சொல்லிப் பாருங்கள்.

இனிச் சந்திரனுக்கு வருவோம். வான வட்டம் 360 பாகை. அதை நம் முன்னோர் இருபத்தேழு நட்சத்திரங்களாகப் பங்கிட்டனர். ஒரு பங்கு 13 பாகை 20 கலை. குழந்தை பிறந்த நேரத்தில் சந்திரன் எந்தப் பங்கில் நிற்கிறதோ, அதுவே குழந்தையின் நட்சத்திரம். ஆகவே நட்சத்திரம் சொல்ல வேண்டுமானால், சந்திரன் இருக்கும் இடம் தெரிய வேண்டும்.

சந்திரன் ஒரே வேகத்தில் நடந்தால் தொல்லையே இல்லை. ஆனால் அது அப்படி நடப்பதில்லை. பூமிக்கு அருகில் வரும்போது விரைவாகவும், தொலைவில் போகும்போது மெதுவாகவும் நடக்கிறது. எனவே ஒவ்வொரு நாளுக்கும் அதன் இடத்தைக் கண்டுபிடிக்க நீண்ட பெருக்கலும் வகுத்தலும் தேவைப்படும். வட்டக் கணக்கும் வேண்டும். ஓர் ஆண்டுப் பஞ்சாங்கத்துக்கு முந்நூற்று அறுபத்தைந்து முறை இதைச் செய்ய வேண்டும். ஓலையும் எழுத்தாணியும் விளக்கெண்ணெயும் கையில் வைத்துக்கொண்டு இதைச் செய்ய வேண்டியிருந்தது என்பதை எண்ணிப் பாருங்கள்.

இங்கேதான் ஒரு நுட்பமான யோசனை பிறந்தது. சந்திரன் மிகத் தொலைவான நிலையிலிருந்து புறப்பட்டு மறுபடி அதே நிலைக்கு வர 27 நாள் 13 மணி 18 நிமிடம் ஆகிறது. இது முழு நாளாக முடியவில்லை. ஒரு பின்னம் ஒட்டிக்கொண்டிருக்கிறது. ஆனால் ஒன்பது முறை சுற்றினால்? 247 நாள் 23 மணி 47 நிமிடம். அதாவது, 248 நாளுக்குப் பதின்மூன்று நிமிடம்தான் குறைவு. எனவே 248 நாளுக்கு ஒரு முறை சந்திரனின் மெதுநடையும் விரைநடையும் முன்போலவே திரும்புகின்றன என்று வைத்துக்கொள்ளலாம்.

அப்படியானால், கடினமான கணக்கை 248 நாளுக்கு மட்டும் ஒரு தடவை செய்து எழுதி வைத்தால் போதும். அதன்பின் எந்த நூற்றாண்டின் எந்த நாளுக்கும் அந்தப் பட்டியலையே பயன்படுத்தலாம். முதல் நாளுக்குரிய எண் 12 பாகை 3 கலை. இருநூற்று நாற்பத்தெட்டாம் நாளுக்குரிய எண், முழுச் சுற்றுகள் போக, 27 பாகை 44 கலை.

இதைப் பயன்படுத்தும் முறை மிக எளிது. புறப்பட்ட நாளிலிருந்து ஆயிரம் நாள் கடந்துவிட்டன என்று வைத்துக்கொள்வோம். ஆயிரத்தில் 248 நான்கு முறை அடங்கும், அது 992. மீதி எட்டு நாள். ஆகவே நான்கு தடவை 27 பாகை 44 கலையைக் கூட்டி, 110 பாகை 56 கலை என்று எடுத்துக்கொள்க. பட்டியலில் எட்டாம் நாளுக்குரிய எண்ணை அதனுடன் சேர்க்க. புறப்பட்ட இடத்தோடு இதைக் கூட்டினால் சந்திரன் கிடைத்துவிடும். வட்டக் கணக்கெல்லாம் மறைந்து, வகுத்தலும் கூட்டலும் மட்டுமே மிஞ்சின.

அந்தப் பதின்மூன்று நிமிடக் குறை பல ஆண்டுகளில் பெருகிவிடாதா? பெருகும். அதையும் அவர்கள் அறிந்திருந்தார்கள். ஆகவே 248-உடன் நில்லாமல், 110 சுற்றுக்கு 3,031 நாள், 449 சுற்றுக்கு 12,372 நாள் என்று பெரிய அளவுகளையும் வைத்துக்கொண்டார்கள். கலியுகத் தொடக்கத்திலிருந்து எண்ணும் நாட்கணக்கு இன்று பதினெட்டு இலட்சத்துக்கும் மேலே போய்விட்டது. அவ்வளவு பெரிய எண்ணையும் முதலில் பெரிய அளவாலும், மீதியைச் சிறிய அளவாலும் கழித்துக்கொண்டே வந்தால், கடைசியில் 248-க்குள் அடங்கிய ஓர் எண் வந்து நிற்கும்.

அடுத்த சிக்கல் நினைவு. 248 எண்களை மனப்பாடம் செய்வது எப்படி? வெறும் எண் மனத்தில் நிற்காது, சொல் நிற்கும். ஆகவே எழுத்துக்கு எண் கொடுத்தார்கள். வடமொழி எழுத்து வரிசையில் க, ட, ப, ய ஆகிய நான்கும் ஒன்று. அவற்றை அடுத்து வருபவை இரண்டு, மூன்று என்று போகும். இதற்குக் 'கடபயாதி' என்று பெயர். எண்ணை வலமிருந்து இடமாகப் படிக்க வேண்டும். 'தேவர' என்னும் சொல்லைப் பாருங்கள். முதலெழுத்துக்கு எட்டு, 'வ'-வுக்கு நான்கு, 'ர'-வுக்கு இரண்டு. வலமிருந்து படித்தால் 248! இப்படி ஒவ்வொரு நாளின் எண்ணையும் பொருள் தரும் சிறு வாக்கியமாக ஆக்கினார்கள். 248 நாளுக்கு 248 வாக்கியம். வரருசியின் பெயரால் வழங்கும் இவ்வாக்கியங்களை வைத்துக் கணித்ததால்தான், அதற்கு 'வாக்கியப் பஞ்சாங்கம்' என்று பெயர் வந்தது. நம்மில் பலர் பெயரை அறிவோம். பெயரின் காரணத்தை அறிந்தவர் சிலரே.

இதில் இன்னொரு இலாபமும் உண்டு. ஓலையில் எழுதிய எண்ணில் ஓர் இலக்கம் பிசகினால் எவருக்கும் தெரியாது. வாக்கியத்தில் ஓர் எழுத்துப் பிசகினால் பொருள் கெடும்; காது உடனே கண்டுபிடிக்கும். ஐரோப்பாவிலும் இந்தத் தொல்லை இருந்தது. அச்சிட்ட வானியல் அட்டவணைகளில் மலிந்திருந்த பிழைகளைக் கண்டு சலித்த சார்லஸ் பாபேஜ் என்னும் ஆங்கிலேயர், அட்டவணைகளைப் பிழையின்றித் தானே கணிக்கும் பொறி ஒன்றைத் திட்டமிட்டு, 1822-ஆம் ஆண்டில் அதன் சிறு மாதிரியைச் செய்து காட்டினார். இன்றைய கணினியின் முன்னோர்களுள் அது ஒன்று. பிழையைத் தடுக்க அவர் பற்சக்கரத்தை நாடினார். நம்மவர் செவியை நாடினார்கள்.

வாக்கிய முறையைச் சந்திரனுக்கு மட்டுமன்றி மற்றக் கிரகங்களுக்கும் விரித்துச் சொல்லும் 'வாக்கிய கரணம்' என்னும் நூல், ஏறத்தாழ 1300-ஆம் ஆண்டளவில் காஞ்சிபுரத்தை ஒட்டிய பகுதியில் எழுந்தது. ஆசிரியர் பெயர் தெரியவில்லை. குப்பண்ண சாஸ்திரியாரும் கே. வி. சர்மாவும் அதைப் பதிப்பித்து 1962-இல் சென்னையில் வெளிவரச் செய்தனர். கேரளத்தில் பதினான்காம் நூற்றாண்டில் பிறந்த சங்கமகிராம மாதவர், பழைய வாக்கியங்களைத் திருத்தி இன்னும் நுட்பமாக்கினார். ஒரே நாளில் ஒன்பது வேளைகளில் சந்திரன் நிற்கும் இடத்தைச் சொல்லும் வழியையும் வகுத்தார். அவர் பட்டியலை மனப்பாடம் செய்தவர் மட்டுமல்லர். பட்டியல் எப்படி உண்டானது என்பதை அறிந்தவர். அதனால்தான் அவரால் திருத்த முடிந்தது. இந்த வேறுபாட்டை நினைவில் கொள்ளுங்கள்.

இப்போது புதுச்சேரிக்குச் செல்வோம். அங்கே இரண்டு வெளிநாட்டார் நம் கணிதர்களைக் கண்டு வியந்தனர்.

முதலாமவர் லெ ஜாந்தீல் என்னும் பிரெஞ்சு வானியலார். சுக்கிரன் சூரியனைக் கடக்கும் காட்சியைக் காண்பதற்காகக் கப்பலேறி வந்தவர். 1761-இல் அக்காட்சி நிகழ்ந்தபோது அவர் நடுக்கடலில் இருந்தார். எட்டு ஆண்டு காத்திருந்து 1769-இல் புதுச்சேரியில் கருவிகளோடு தயாராக நின்றார். அன்று மேகம் மறைத்துவிட்டது. ஆனால் அவர் வெறுங்கையோடு திரும்பவில்லை. தமிழர்கள் கிரகணம் கணிக்கும் முறையைக் கற்றுக்கொண்டார். 1765-ஆம் ஆண்டு ஆகஸ்டு 30-இல் நிகழ்ந்த சந்திர கிரகணத்தின் கால அளவைத் தமிழ் முறையில் கணித்தபோது 41 விநாடி குறைந்தது. அக்காலத்து ஐரோப்பாவின் சிறந்த அட்டவணையாகிய மேயருடையதில் 68 விநாடி கூடியது. தூரநோக்கி இல்லாத ஊரில் வந்த விடை இது.

இரண்டாமவர் ஜான் வாரன். சென்னை வானாய்வுக் கூடத்தின் பொறுப்பை ஏற்று நடத்தியவர். கோலார்ப் பக்கத்தில் தங்கம் இருப்பதை ஆராய்ந்து சொன்னவரும் இவரே. 1825-இல் 'கால சங்கலித' என்னும் பெரிய நூலைச் சென்னையில் வெளியிட்டார். அதில் புதுச்சேரிப் பஞ்சாங்கக்காரர் ஒருவரைப் பற்றி எழுதுகிறார். அவரிடம் ஓலையும் இல்லை, தாளும் இல்லை. தரையில் சோழிகளைப் பரப்பி வைத்தார். மனப்பாடமான சொற்களிலிருந்து எண்களை எடுத்தார். சோழிகளைச் சேர்த்தும் விலக்கியும், 1825 மே 31-க்கும் ஜூன் 1-க்கும் இடைப்பட்ட இரவில் நிகழும் சந்திர கிரகணத்தைக் கணித்துக் கொடுத்தார். சோழி என்பது வீட்டில் பல்லாங்குழி ஆடும் சோழிதான்! பிற்காலத்தில் நாய்கபவர் என்னும் அறிஞர் 1952-இல் இதை எடுத்து ஆராய்ந்து, தமிழ் வானியல் என்றே தலைப்பிட்டு ஒரு கட்டுரை எழுதினார்.

விடை எப்படி இருந்தது? தொடக்க நேரத்தில் நான்கு நிமிடம் பிசகு. நடுவில் இருபத்து மூன்று நிமிடம். முடிவில் ஐம்பத்திரண்டு நிமிடம். சோழியைக் கொண்டு இவ்வளவு நெருங்கியது பெரிய சாதனை. ஆனால் வாரன் இன்னொன்றும் சொல்கிறார்: அந்தப் பெரியவருக்கு நினைவாற்றல் அபாரம், கணக்கின் படிகள் மனத்தில் ஒழுங்காக நின்றன, ஆனால் அவற்றுக்கு அடிப்படையான வானியற் கொள்கை அவருக்குத் தெரியாது.

நேயர்களே, இங்குதான் குறுக்குவழியின் விலை தெரிகிறது. வீட்டில் தோசை மாவை நாள்தோறும் அரைக்காமல், மூன்று நாளுக்குச் சேர்த்து அரைத்து வைக்கிறோம். உழைப்பு மிச்சம். ஆனால் மாவு புளித்துக்கொண்டே போகிறது. அதை முகர்ந்து பார்க்கத் தெரிந்தவர் வீட்டில் ஒருவராவது இருக்க வேண்டும். சேர்த்து வைத்த கணக்கும் அப்படித்தான். அடிப்படை எண்ணில் உள்ள மிகச் சிறு குறை ஆண்டுக்கு ஆண்டு சேர்ந்து பெரிதாகிறது. பட்டியல் எப்படி வந்தது என்று தெரியாதவரால் பிழையை உணரவும் முடியாது, திருத்தவும் முடியாது. சோழிக்கோ இன்னொரு குறையும் உண்டு. அடுத்த படிக்குப் போகும்போது முந்திய படி கலைந்துவிடுகிறது. விடை இருக்கும், விடைக்கு வந்த வழி இராது. எங்கே பிசகியது என்று திரும்பிப் பார்க்க இயலாது.

திருத்த வந்தவர் ஒருவரும் தமிழ்நாட்டில் தோன்றினார். சிந்தாமணி ரகுநாதாச்சாரி என்பவர் சென்னை வானாய்வுக் கூடத்தில் உதவியாளராகப் பணியாற்றியவர். 1867-இல் ஒளி மாறும் விண்மீன் ஒன்றைக் கண்டுபிடித்தார். பழைய முறையும் அவருக்குத் தெரியும். தூரநோக்கியில் வானத்தைப் பார்க்கவும் தெரியும். இரண்டும் ஒத்துப் போகவில்லை என்பதைக் கண்டு, கண்ணுக்குத் தெரியும் வானத்தோடு பொருந்துமாறு புதிய பஞ்சாங்கம் கணித்து வெளியிட்டார். 'திருக்கணிதம்' என்பதில் வரும் 'திருக்' என்பதற்குக் 'காணுதல்' என்று பொருள். அவர் 1880-இல் காலமானார். அன்று எழுந்த விவாதம் இன்றும் ஓயவில்லை. திருநள்ளாற்றில் வாக்கிய முறைப்படி 2023 டிசம்பர் 20-இல் சனிப்பெயர்ச்சி கொண்டாடப்பட்டது. திருக்கணிதப்படி அதே பெயர்ச்சி 2023 ஜனவரி 17-இலேயே நிகழ்ந்துவிட்டது. ஒரே நிகழ்ச்சிக்குப் பதினொரு மாத வேறுபாடு. எந்த நாளைக் கொண்டாடுவது என்பது அவரவர் மரபு. அதில் நான் தலையிடவில்லை. இரண்டு அட்டவணை ஏன் இரண்டு விடை தருகின்றன என்று கேட்பது மட்டும் நம் அனைவரின் உரிமை.

இனி நம் காலத்துக்கு வருவோம். இன்று தொடக்கப்பள்ளியிலேயே கணினிக்கு நிரல் எழுதுவது பற்றிப் பாடம் இருக்கிறது. நிரல் என்பது வேறொன்றுமில்லை. கணினிக்குப் படிப்படியாக எழுதித் தரும் கட்டளைப் பட்டியல். சோழிப் பெரியவர் மனத்தில் வைத்திருந்ததும் ஒரு நிரல்தான். நிரல் எழுதுவோர் பயிற்சிக்காகப் புதிர் போடுவதுண்டு. அவற்றுள் ஒன்றை என் வகுப்பில் கரும்பலகையில் எழுதுவது வழக்கம்.

ஒரு மாடிப்படியில் பத்துப் படி. ஒரு தடவைக்கு ஒரு படியோ இரண்டு படியோ ஏறலாம். மேலே போக எத்தனை விதம்?

பத்தாம் படிக்கு வருபவர், ஒன்பதாம் படியிலிருந்து ஓர் எட்டு வைத்திருக்க வேண்டும். அல்லது எட்டாம் படியிலிருந்து தாவியிருக்க வேண்டும். ஆகவே அந்த இரண்டு படிக்கும் உரிய விதங்களைக் கூட்டினால் பத்தாம் படிக்கு விடை. ஒரு படிக்கு ஒரு விதம். இரண்டு படிக்கு இரண்டு விதம். அப்புறம் மூன்று, ஐந்து, எட்டு, பதின்மூன்று என்று வளர்ந்து, பத்தாம் படிக்கு எண்பத்தொன்பது விதம்.

இதைக் கணினியிடம் இரண்டு வகையாகச் சொல்லலாம். முதல் வகையில், தேவைப்படும் ஒவ்வொரு முறையும் புதிதாகக் கணக்குப் போடு என்கிறோம். ஒன்பதாம் படிக்காக எட்டாம் படியைக் கணிக்கும். பத்தாம் படிக்காக எட்டாம் படியை மறுபடியும் கணிக்கும். செய்த வேலையையே திரும்பத் திரும்பச் செய்யும். இவ்வாறு பத்துப் படிக்கு 54 கூட்டல் ஆகிறது. இரண்டாவது வகையில், ஒரு தடவை கண்ட விடையை எழுதி வை, மறுபடி போடாதே என்கிறோம். அப்போது எட்டே கூட்டல் போதும். முப்பது படி என்றால்? எழுதி வைக்காவிட்டால் 832,039 கூட்டல். எழுதி வைத்தால் 28 கூட்டல்! கணினி எவ்வளவு விரைவாக ஓடினாலும், வீண்வேலை அதையும் மிஞ்சி ஓடும். விரைவான இயந்திரத்தைவிட நல்ல முறையே பெரிது. 248 வாக்கியம் செய்தவர்கள் கண்டதும் இதே உண்மைதான். செய்த உழைப்பை வீணாக்காதே, சேர்த்து வை என்பது அவர்கள் வழி. அது பொருளாதாரப் பாடமும் ஆகும்.

இனி, முதலில் சொன்னபடி நம் வீட்டுக் கணக்குக்கு வருகிறேன்.

நாம் வாழும் கோலசிலாங்கூர் வட்டாரம் செம்பனையின் வரலாற்றில் இடம்பெற்றது. பத்தாங் பெர்ஜுந்தை என்று வழங்கி, 2007 முதல் பெஸ்தாரி ஜெயா எனப்படும் ஊரை அடுத்த தென்னமரம் தோட்டத்தில்தான், 1917-இல் இந்நாட்டின் முதல் வணிகச் செம்பனை நடவு நடந்தது. அசாம் ஜாவாவிலிருந்து எந்தப் பக்கம் திரும்பினாலும் இன்று செம்பனைதான். முன்பு பால்மரம் இருந்த இடங்களும் அவ்வாறே மாறிவிட்டன.

பால்மரக் காலத்தில் ஒவ்வொரு கணக்கிலும் ஓர் அட்டவணை இருந்தது. பாலை நிறுத்தார்கள், அதில் எவ்வளவு காய்ந்த ரப்பர் என்று சிறிது பாலை எடுத்துச் சோதித்தார்கள், சம்பளத்தைத் தயார்க் கணக்குப் புத்தகத்தில் பார்த்துக் கிராணி செக்ரோலில் பதிந்தார். இருபது கிலோ பாலில் நூற்றுக்கு முப்பது பங்கு ரப்பர் என்றால் ஆறு கிலோ. அட்டவணை கிராணிக்கு நேரத்தை மிச்சப்படுத்தியது. ஆனால் அதைப் படிக்கத் தெரியாத தாய்தந்தையருக்கு விடை மட்டுமே கிடைத்தது; விடைக்கு வந்த வழி கிடைக்கவில்லை. சோழி கலைந்ததைப் போலத்தான்.

செம்பனையிலும் குறுக்குவழி உண்டு. ஒவ்வொரு குலையையும் காட்டில் நிறுத்துக்கொண்டிருக்க முடியாது. ஆகவே குலைகளை எண்ணி, அந்த நிலத்துக்குரிய சராசரி எடையால் பெருக்குகிறார்கள். இது நல்ல முறை. எல்லார்க்கும் நேரம் மிச்சம். ஆனால் மரம் வளர வளரக் குலையின் எடை கூடுகிறது. இளமரத்துக்குக் கண்ட சராசரியை மரம் முதிர்ந்த பிறகும் வைத்துக்கொண்டிருந்தால் என்ன ஆகும்? ஒருவர் 120 குலை வெட்டினார் என்று வைத்துக்கொள்வோம். பழைய சராசரி 15 கிலோ என்றால் கணக்கில் 1,800 கிலோ. உண்மையான சராசரி 18 கிலோ ஆகியிருந்தால் 2,160 கிலோ. எடைக்குக் கூலி என்றால் 360 கிலோவுக்குரிய உழைப்பு கணக்கில் வராது போகிறது. இங்கே எவரும் திருடவில்லை. எவரும் பொய் எழுதவில்லை. பெருக்கலும் சரி, கூட்டலும் சரி. பட்டியல்தான் பழையது. திருத்தப்படாத வாக்கியத்துக்கும் திருத்தப்படாத சராசரிக்கும் வேறுபாடு இல்லை. ஒன்றில் கிரகணம் பிசகுகிறது. மற்றொன்றில் அடுப்பு பிசகுகிறது.

ஆகவே பெற்றோர்களுக்கு நான் சொல்ல விரும்புவது இதுவே. பிள்ளைகள் வாய்பாட்டை மனப்பாடம் செய்யட்டும். அதை இழிவாக நினைக்க வேண்டாம். மனப்பாடம் என்பது சேர்த்து வைத்த உழைப்பு. நம் முன்னோர் அதைக் கொண்டுதான் வானத்தையே அளந்தார்கள். ஆனால் மனப்பாடத்தோடு நின்றுவிட வேண்டாம். "ஏழெட்டு ஐம்பத்தாறு" என்று சொல்லும் பிள்ளையிடம், எட்டு எட்டாக ஏழு வரிசை புளியங்கொட்டை அடுக்கிக் காட்டச் சொல்லுங்கள். காட்டிவிட்டால், மறந்துபோன நாளிலும் அந்தப் பிள்ளை அதைத் தானே மீண்டும் உண்டாக்கிக்கொள்ளும்.

தோட்டத்தில் இருந்தாலும், தோட்டத்தை விட்டுத் தாமானில் குடியேறியிருந்தாலும், கையில் வரும் எந்தக் கணக்கையும் இவ்வாறே பாருங்கள். சம்பளச் சீட்டாக இருக்கலாம். தவணைக் கடைக்காரர் காட்டும் அட்டவணையாக இருக்கலாம். கைப்பேசி ஒரு நொடியில் சொல்லும் தொகையாகவும் இருக்கலாம். இந்த எண் எப்போது கணித்தது, எதை வைத்துக் கணித்தது, கடைசியாக யார் சரிபார்த்தார் என்று மரியாதையாகக் கேளுங்கள். நல்ல கணக்கு இந்தக் கேள்விகளுக்குக் கோபித்துக்கொள்ளாது.

புதுச்சேரிப் பெரியவரிடம் அபார நினைவு இருந்தது. ரகுநாதாச்சாரியிடம் அதனோடு, ஏன் என்று கேட்கும் பழக்கமும் இருந்தது. முன்னவர் நமக்குப் பெருமை. பின்னவர் நமக்கு வழிகாட்டி. நம் பிள்ளைகள் இருவரிடமிருந்தும் பெற்றுக்கொள்ளட்டும்.